அன்புள்ள என்பதற்குப் பிறகு

ஆறு வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். பகலில் சென்னை தம்புச்செட்டித் தெருவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. இரவு பத்து மணிக்கு மேல், வியாசர்பாடி வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, நாவல். இரண்டு காலங்களில் நடக்கும் கதை அது. ஓர் அத்தியாயம் 1942இல் பர்மாவில் நடக்கும், அடுத்தது இன்றைய வியாசர்பாடியில். அப்புறம் மறுபடி பர்மா. இந்த வருடம் அதில் பாதிக்கு மேல் கிழித்துப்போட்டுவிட்டேன். அது ஏன் என்பதை மறப்பதற்குள் எழுதிவைத்துவிட வேண்டும்.

இரண்டு காலம் மாறி மாறி வரும் வரலாற்று நாவல்கள் என்றால் எனக்கு உயிர். ஒரு பேத்தி இருப்பாள். இன்றைய வாழ்க்கையில் அவளுக்கு ஏதோ ஒன்று முறிந்திருக்கும். பாட்டி இறந்திருப்பாள், அல்லது பழைய வீடு விலைக்கு வந்திருக்கும். பரணில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நூல் கட்டிய கடிதங்கள். அதைப் பிரித்ததும் போர், பஞ்சம், கப்பல், பாட்டி யாரிடமும் சொல்லாத ஒரு காதல் என்று எல்லாம் வெளியே வரும். ஃப்ளாஷ்பேக் வேறு, இது வேறு. ஃப்ளாஷ்பேக்கில் பழசு முடிந்துபோன ஒன்று. இதில் இரண்டு காலமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருக்கும். பாட்டிக்குத் தெரியாதது பேத்திக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாதது பாட்டிக்குத் தெரியும், படிக்கிற நமக்கு மட்டும் இரண்டும் தெரியும். அந்த இடத்தில் உட்கார்ந்து படிப்பது ஒரு தவிப்பு. அந்தத் தவிப்புக்காகவே பல இரவுகள் தூங்காமல் படித்திருக்கிறேன்.

இந்த வடிவம் நமக்குப் புதிதும் இல்லை. மணிபல்லவத் தீவில் புத்தரின் பாத பீடிகைக்கு முன்னால் நிற்கும்போது மணிமேகலைக்குத் தன் முற்பிறப்பு தெரிகிறது. போன பிறவியில் தான் இலக்குமி என்றும், தன் கணவன் இராகுலன் என்றும், பாம்பின் நஞ்சால் இறந்த அவன்தான் இப்போது தன் பின்னால் அலையும் உதயகுமரன் என்றும் அறிகிறாள். பெட்டியும் இல்லை, கடிதமும் இல்லை. ஓர் இடத்தில் போய் நிற்கிறாள், பழைய காலம் வந்து அவள்மேல் படிகிறது. எழுத ஆரம்பித்தபோது எனக்கும் அப்படி நடக்கும் என்று நம்பினேன். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே நின்று துறைமுகத்தைப் பார்த்தால் போதும், ஆயாவின், அதாவது என் பாட்டியின், கதை வந்துவிடும் என்று.

எனக்குத் தெரிந்த ஆயாவின் கதை கொஞ்சம்தான். ரங்கூனுக்குப் பக்கத்தில் கெமண்டைன் என்ற இடத்தில் இருந்தாள். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூன்மேல் குண்டு போட்டான். 25ஆம் தேதி மறுபடி போட்டான். அப்போது ரங்கூனில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்: துறைமுகக் கூலிகள், அரிசி மில் ஆட்கள், வட்டிக்கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், துப்புரவுத் தொழிலாளர்கள். குண்டு விழுந்த மறுநாளே அந்த ஊர் காலியாகத் தொடங்கியது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலேறினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். ஐந்து லட்சம் பேர் வரை இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள் என்றும், வழியில் செத்தவர்கள் பத்தாயிரக்கணக்கில் என்றும் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூடப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஆயா நடந்தது புரோம் நகரம் வரை. அங்கிருந்து ஐராவதியைத் தாண்டி, அரக்கான் மலையில் டவுங்கப் கணவாய் வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்தால் கடல். கடலிலிருந்து படகு பிடித்து சிட்டகாங். ஆனால் புரோமிலேயே கூட்டம் தேங்கிவிட்டது, வாந்திபேதி வந்துவிட்டது. "ஒருத்தரு முன்னாடி போனாரு. வழி பாத்துட்டு ஆள் அனுப்பறேன்னாரு. வரல." ஆயா எனக்குச் சொன்னது இவ்வளவுதான். நான் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தேன். "ஒருத்தரு" யாரென்று கேட்டேன். "ஒருத்தரு" என்றாள். அவள் அப்படித் திரும்பிப் படுத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தாத்தா இல்லை. தாத்தாவை அவள் கல்யாணம் செய்தது 1951இல்.

ஆயா 1998இல் போனாள். அவளிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் 1964இல் பர்மாவிலிருந்து சென்னைக்குக் கப்பலேறியபோது கொடுத்த காகிதங்களும் ஒரு பர்மிய நூறு கியாட் நோட்டும். 1962இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கினார்கள். 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பத்து வருடம் தையல் மிஷினை மிதித்துத் தாத்தா சேர்த்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதமானது. அதில் ஒன்றை ஆயா எடுத்துவைத்திருந்தாள். சிறுமியாக இருந்தபோது அதைக் கையில் வாங்கிப் பார்ப்பது எனக்குத் திருவிழா மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் கழித்து டப்பாவைத் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். விரலால் தொட்டேன், விரலோடு வந்தது.

ஆக, எங்கள் வீட்டில் பெட்டி இருந்தது, திறந்தும் பார்த்தேன். அதன் பிறகும் நாவலின் முதல் அத்தியாயத்தில் ஒரு பெட்டியை வைத்து, அதற்குள் இல்லாத கடிதங்களை வைத்து, பேத்தியைத் திறக்கச் சொன்னேன். அந்தக் கடிதங்களை நானே எழுதினேன். அழகாகத்தான் வந்தன. டவுங்கப் கணவாயில் காய்ச்சலில் கிடக்கும் ஓர் ஆண், தன் மனைவிக்குப் பென்சிலால் எழுதும் கடைசி வரிகள். எழுதும்போது அழுதேன்.

கடந்தகாலத்தைப் பற்றித் தேடுவதும் எனக்குப் பிடித்துப்போனது. ஒரு விஷயம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. பர்மாவிலிருந்து ஜனங்கள் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த அதே நேரம் சென்னையும் காலியாகிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே மக்களை வெளியேறச் சொன்னது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையில், கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மலையும் காடும் தாண்டி உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தவன் சென்ட்ரலில் இறங்கும்போது அவனை வரவேற்றது அந்த ஊர். அரிசி கதையும் இப்படித்தான். அதுவரை சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பி இருந்தது. பர்மா விழுந்ததும் அது நின்றது. 1964இல் பர்மாவிலிருந்து வந்தவர்கள் இறங்கியதோ, அடுத்த வருடமே அரிசித் தட்டுப்பாட்டில் தவிக்கப்போகும் சென்னையில். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற பேச்சுக்கு அவ்வளவு கூட்டம் திரண்டது சும்மா இல்லை.

இன்னொன்று. நாவலில் இதற்கு இடம் கிடைக்கவில்லை, இங்கேயாவது சொல்கிறேன். பர்மாவின் தாமு ஊரிலிருந்து மணிப்பூருக்குள் நுழையும் ஒரு பாதை இருக்கிறது. 1942இல் அகதிகள் அந்தப் பக்கமாகத்தான் இம்பாலுக்கு நடந்தார்கள். இரண்டே வருடத்தில், 1944இல், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் அந்தப் பக்கமாகவே இம்பாலை நோக்கி வந்தது. அதிலும் தமிழர்கள் நிறைய. 1964க்குப் பிறகு சென்னைக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் இங்கே காலூன்ற முடியாமல், மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று அந்த எல்லைக்குப் போனார்கள். உள்ளே விடவில்லை. எல்லையிலேயே தங்கிவிட்டார்கள். அந்த ஊர் மோரே. இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டு, அங்காளபரமேஸ்வரி கோயில் உண்டு. ஒரே பாதை, இருபத்தைந்து வருடத்துக்குள் மூன்று முறை. யாராவது இதை மட்டும் எடுத்து எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

சரி, என் நாவலுக்கு வருகிறேன். பர்மா அத்தியாயங்கள் நன்றாக வந்தன. வியாசர்பாடி அத்தியாயங்கள் வரவே இல்லை. என் பேத்தி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீரில் நின்றாள், ஜீவா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தாள், காதலனோடு சண்டை போட்டாள். எதிலும் உயிர் இல்லை. அந்தப் பக்கம் ஊரே எரிகிறது. இந்தப் பக்கம் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறாள். இந்த மாதிரி நாவல்களில் பெரும்பாலும் இதுதான் பலவீனம் என்று படிக்கிறவளாக எனக்கு முன்பே தெரியும். பழைய காலம் கனமாக இருக்கும், இன்றைய காலம் அதைத் தூக்கிக்காட்டும் தட்டாக மட்டும் இருக்கும். தெரிந்தும் அதிலேயே விழுந்தேன். பேத்திக்கு ஒரு விவாகரத்து வைத்துப் பார்த்தேன். ஒரு நோய் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

போன வருடம் கையெழுத்துப் பிரதியை ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நாவலிலும் அப்படித்தான் இருந்தது. ஆயா இருந்தாள், பேத்தி இருந்தாள். அம்மா இரண்டு இடத்தில் காபி கொண்டுவந்தாள், ஓரிடத்தில் "சாப்பிட்டியா" என்று கேட்டாள்.

அம்மா 1955இல் பிறந்தவள். கப்பலில் வந்தபோது ஒன்பது வயது. அங்கே பர்மிய மொழியில் நாலாவது படித்தவளை இங்கே ஒன்றாம் வகுப்பில் சின்னக் குழந்தைகளோடு உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது பக்தவத்சலம் முதலமைச்சர். வியாசர்பாடியில் அவர் பெயரிலேயே காலனி இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ இந்தப் பக்கம் குடியேறின. மூன்று லட்சம் பேர் வந்தார்கள் என்பார்கள். திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் பர்மா காலனிகள் உண்டு. சென்னையில் துறைமுகத்துக்கு எதிரே, நார்த் பீச் ரோட்டின் நடைபாதையில் கடை போட்டவர்களால் பர்மா பஜார் வந்தது. எங்கள் வீட்டில் ஆயா மொய்ங்கா செய்து விற்றாள். வாழைத்தண்டும் மீனும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பை அரிசி சேமியாமேல் ஊற்றி, மேலே வறுத்த பூண்டும் பேஜோ என்ற தட்டையும் நொறுக்கிப்போட்டு. விடியற்காலையில் குண்டானைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போவது அம்மாவின் வேலை.

அம்மா மொய்ங்கா சாப்பிட மாட்டாள். அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் மாட்டாள். நான் மாதத்தில் இரண்டு நாளாவது வேலை முடிந்து வரும்போது செகண்ட் லைன் பீச்சில் நின்று அத்தோ சாப்பிடுகிறவள். அந்தப் புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் எனக்கு ஆயாவின் வாசனை. பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தால் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அம்மா நாவலை மூன்று வாரம் படித்தாள். விரலை வைத்துத்தான் படிப்பாள், உதடு அசையும். ஒன்பது வயதில் எழுத்துக் கற்றவளின் பழக்கம் எழுபதிலும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடியைக் கழற்றி நாவல்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவரு சாவல."

எனக்குப் புரியவில்லை.

"மலையில செத்துட்டதா எழுதியிருக்கியே. அவரு சாவல. ஊருக்குப் போய்ச் சேந்துட்டாரு. முதுகுளத்தூர் பக்கம்."

அப்புறம் அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

சென்னைக்கு வந்து இரண்டு வருடத்தில் அம்மாவுக்குத் தமிழ் எழுத வந்துவிட்டது. ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் எழுத்து தெரியாது. ஒருநாள் தாத்தா தையல் கடைக்குப் போன பிறகு ஆயா ஒரு தபால் அட்டையைக் கொடுத்து எழுதச் சொன்னாள். முதுகுளத்தூர் பக்கம் இன்ன கிராமம், கிராம முன்சீப் அவர்களுக்கு. கெமண்டைனில் அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதிய இன்னார் யுத்தக் காலத்தில் ஊர் வந்து சேர்ந்தாரா, தயவுசெய்து தெரிவிக்கவும். யாரும்மா அவர் என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவரு." பதில் இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்துக் கிராமத்துக்கு ஒன்று. அதற்கும் இல்லை. இப்படி ஏழோ எட்டோ அட்டைகள். தாத்தாவுக்குத் தெரியக்கூடாது என்று ஆயா சொல்லவில்லை. ஆனாலும் தாத்தா இல்லாத நேரம் பார்த்தே எழுதினாள் அம்மா. தபால்காரரை மொய்ங்கா விற்கும் தெருமுனையிலேயே பிடித்து வைத்திருந்தாள்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு காலை, குண்டானில் குழம்பு பாதி இருக்கும்போதே, தபால்காரர் ஒரு அட்டையை நீட்டினார். அவரே எழுதியிருந்தார். கையெழுத்து மணிமணியாக இருந்ததாம். தான் உயிரோடு இருப்பதாகவும், டவுங்கப் தாண்டி சிட்டகாங் போய்ச் சேர்ந்ததாகவும், புரோம் முகாமில் இருந்த எல்லோரும் வாந்திபேதியில் போய்விட்டார்கள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னதாகவும், 1946இல் வேறு கல்யாணம் செய்துகொண்டதாகவும், நாலு பிள்ளைகள் என்றும். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பாப்பா உயிரோடு இருக்கிறாளா என்று. பாப்பாவின் பெயரையும் எழுதியிருந்தார்.

அது அம்மாவின் பெயர்.

அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் எழுதவில்லை. முன்பின் பார்த்திராத ஓர் ஆள், அவள் பெயரைச் சொல்லி, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கிறார். தெருமுனையில் நின்று, ஒரு கையில் கரண்டியோடு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் படித்தாள். தனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள் என்பதும், அவள் புரோமில் போய்விட்டாள் என்பதும், அந்தப் பெயரைத்தான் தனக்கு வைத்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். யாரும் சொல்லித் தெரியவில்லை. அட்டையை நாலைந்து தடவை படித்துப் படித்துத் தானாகவே தெரிந்துகொண்டாள்.

"ஆயாகிட்ட என்ன சொன்னே?"

"அப்டி யாரும் ஊர்ல இல்லன்னு எழுதியிருக்காங்கன்னு சொன்னேன்."

"அட்டை?"

"அடுப்புல போட்டேன்."

குழம்பு சூடாக இருக்க அந்தத் தெருமுனையில் ஒரு சின்ன கரி அடுப்பு வைத்திருப்பார்கள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது தாத்தா சாப்பிட உட்கார்ந்திருந்தாராம். ரேஷன் அரிசிச் சோறு. ஆயா தன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி அவர் தட்டில் வைத்தாளாம். "அத்த பாத்தேன். அப்புறம் சொல்ல வாய் வரல." கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லியிருந்தா எங்கம்மா போயிருப்பாளோன்னு பயம்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "போயிருக்க மாட்டா. அது இப்பத் தெரியுது" என்றாள்.

ஆயா அதற்குப் பிறகு அட்டை எழுதச் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து என்னிடம் "வரல" என்று சொன்னபோது, அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுத்தவள் பக்கத்து அறையில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு நாவலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வியாசர்பாடி அத்தியாயங்களுக்கு ஏன் உயிரில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாட்டியிலிருந்து பேத்திக்குத் தாண்டும்போது நான் ஒருத்தியை மிதித்துக்கொண்டு தாண்டியிருக்கிறேன். நான் படித்துக் கொண்டாடிய நாவல்களில் எத்தனை அப்படித் தாண்டுகின்றன என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாக்கள் அவற்றில் சிடுசிடுப்பாக இருப்பார்கள், பாட்டியைப் பற்றிப் பேச மறுப்பார்கள், அல்லது கதை தொடங்கும் முன்பே செத்திருப்பார்கள். பேத்திக்குப் பாட்டியின் காதல் வேண்டும். அந்தக் காதலை இழந்ததற்கான விலையை, அது இருக்கிறதென்றே தெரியாமல், மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தது நடுவில் இருந்தவள். பாட்டியின் துக்கம் பேத்திக்குக் கதையாக வந்து சேர்கிறது என்றால், அதைக் கதையாகாமல் பிடித்துவைத்திருந்த கை ஒன்று நடுவில் இருந்திருக்கிறது. எனக்குப் பெட்டி கிடைக்கவில்லை என்று ஆறு வருடம் வருத்தப்பட்டேன். எங்கள் வீட்டில் கடிதங்கள் இருந்தன. அவை வெளியே போன கடிதங்கள், அம்மாவின் கோணல் எழுத்தில்.

அதனால் கிழித்தேன். பேத்தி போய்விட்டாள். அவளுடைய விவாகரத்து, நோய், ரயில்வே ஸ்டேஷன் பெருமூச்சுகள், பரண் பெட்டி, டவுங்கப் கடைசிக் கடிதம் எல்லாம் போய்விட்டன. அந்தக் கடிதத்தைக் கிழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. இப்போது ஒரு காலம் 1942. இன்னொரு காலம் 1967. இந்தப் பக்கம் ஒருவர் யாருமற்ற சென்ட்ரலில் இறங்கி, மிருகக்காட்சிசாலைப் பக்கம் ஏன் இவ்வளவு அமைதி என்று புரியாமல் நிற்கிறார். அந்தப் பக்கம் ஒரு பெண் குழந்தை குண்டானைத் தூக்கிக்கொண்டு, வழியில் தட்டுப்படும் சினிமா போஸ்டர்களையும் கட்சிச் சுவரெழுத்தையும் ஓர் எழுத்து விடாமல் படித்துக்கொண்டே தெருமுனைக்குப் போகிறாள். ஊரே தமிழுக்காகக் கொந்தளித்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டும் ஏறத்தாழ அவ்வளவு நாள்தான் ஆகிறது. இருவருக்கும் நடுவே ஒரு தபால் அட்டை வந்துகொண்டிருக்கிறது. அதை அடுப்பில் போடப்போகிறாள் என்று வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன். மறைத்துவைத்துக் கடைசியில் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அம்மா ஐம்பது வருடத்துக்கு மேல் மறைத்துவைத்திருந்தாள், அது போதும்.

அம்மா இப்போது என் முதல் வாசகி. பென்சிலால் திருத்துகிறாள். குண்டானுக்குப் பித்தளை என்று எழுதியிருந்தேன், அலுமினியம் என்று மாற்றினாள். தபால்காரருக்கு மீசை இல்லை என்றாள். தாத்தாவின் தட்டில் ஆயா சோறு வைக்கும் இடத்தில் எதையும் திருத்தவில்லை, ஓரமாக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.

நாவலின் கடைசியில் அந்தப் பெண் வளர்ந்து கிழவியாகி, அந்த அட்டைக்குப் பதில் எழுதுவது போல ஒரு பக்கம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் எழுதக் கூடாது என்றும் தோன்றியது. தபால் ஆபீசில் ஓர் அட்டை வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அந்த ஆள் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்பது அவளுக்கும் தெரியும். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். அட்டையில் தேதி போட்டு, ஊர் போட்டு, "அன்புள்ள" என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியில் "நலம். நலமறிய ஆவல்." நடுவில் இடம் விட்டிருந்தாள்.

"அவர இன்னான்னு கூப்புடறது?" என்று கேட்டாள்.

பெரியப்பாவா, மாமாவா, அய்யாவா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். ஆயாவின் முதல் கணவரை, அம்மாவின் இறந்துபோன அக்காவுடைய அப்பாவை, என்ன முறை சொல்லி அழைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் ஆகிறது. அட்டை இழுப்பறையில் இருக்கிறது, அந்த இடம் அப்படியே இருக்கிறது.